உம்மாவின் டி.வி.க்கு ஒரு சிறிய பெட்டி

மண்டபம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு கீழக்கரைக்கே திரும்பிவிட்டாய் என்பதும், வீட்டிலிருந்த பழைய வீடியோ கேசட்டுகளையெல்லாம் கோப்புகளாக மாற்றி ஒரே ஹார்டு டிஸ்கில் சேர்த்துவிட்டாய் என்பதும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். மகள் பரமக்குடியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். வாடைக்காற்று பலமாக அடிப்பதால் படகுகள் பல நாட்கள் கரையிலேயே நிற்கின்றன.

அந்தக் கேசட்டுகளை உம்மா டி.வி.யில் பார்க்க எந்தப் பெட்டியை வாங்குவது என்று கேட்டிருந்தாய். விளம்பரங்கள் பேசுகிற வேகமும் நினைவகமும் நம் கரையில் இரண்டாம்பட்சம். உப்புக்காற்றையும் மின்வெட்டையும் தாங்குமா, மழைக்காலத்தில் இணையம் போய்விட்டாலும் படம் ஓடுமா, உம்மா ஒரே ரிமோட்டில் இயக்க முடியுமா என்பவைதாம் முதலில் கேட்க வேண்டியவை. இவற்றை வைத்துப் பார்த்தால், 2 ஜிபி நினைவகம் கொண்ட ராஸ்பெரி பை 4 (Raspberry Pi 4) என்ற சிறு கணினிப் பலகையை விசிறி இல்லாத அலுமினியக் கூட்டில் வைத்து, லிப்ரெஎலெக் என்ற இலவச இயங்குதளத்தை அதில் நிறுவுவதே உனக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. லிப்ரெஎலெக் என்பது, படங்களைத் திரையில் ஓட்டிக் காட்டும் கோடி (Kodi) என்ற மென்பொருளை இயக்குவதற்கென்றே உருவானது. வேறு எதையும் சுமக்காது.

விசிறி வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். விசிறி அறைக்காற்றை ஓயாமல் உள்ளே இழுக்கும். அதோடு உப்பும் ஈரமும் சேர்ந்து போய்ப் பலகையில் படியும். எங்கள் வீட்டுப் பழைய கணினியை அண்மையில் திறந்தபோது, விசிறிக்கு நேர் எதிரே இருந்த செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. காற்று படாத மூலையிலோ பலகை புதிதுபோலவே பளபளத்தது. இந்தக் காரணத்தாலேயே 2023-இல் வந்த பை 5-ஐ நான் பரிந்துரைக்கவில்லை. அது வேகமானதுதான், ஆனால் அதிகம் சூடாகும், 5 ஆம்பியர் அடாப்டர் கேட்கும், அதைவிடக் குறைந்த அடாப்டரைச் செருகினால் யுஎஸ்பி துளைகளுக்கு 600 மில்லி ஆம்பியருக்கு மேல் தராது, உன் ஹார்டு டிஸ்க் அதில் தடுமாறும். இன்டெல் என்100 சில்லு வைத்த மினி கணினிகளும் நல்லவையே. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு விசிறி உண்டு, டி.வி. ரிமோட்டின் கட்டளையை வாங்கும் சிஇசி வசதி பெரும்பாலும் இராது. பை 4-இல் அந்த வசதி உண்டு. ஹெச்டிஎம்ஐ கம்பி வழியாகவே டி.வி. ரிமோட்டின் அம்புக்குறிகள் கோடிக்குப் போய்ச் சேர்வதால், உம்மா புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. டி.வி.யின் அமைப்புகளில் மட்டும் அதை இயக்கி வைக்க வேண்டும். சாம்சங்கில் அதன் பெயர் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க்.

கடைக்காரர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. நம் நாட்டுக் கேசட்டுகள் பால் (PAL) என்ற டி.வி. முறையில் பதிவானவை: நொடிக்கு 25 படங்கள், ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளாக, ஆக நொடிக்கு 50 பாதிகள். பல மலிவான கருவிகள் எதைப் போட்டாலும் டி.வி.க்கு நொடிக்கு 60 முறையே அனுப்பும். 60 என்பது 25-ஆல் மீதியின்றி வகுபடாததால், சில படங்கள் இரண்டு முறையும் சில மூன்று முறையும் காட்டப்படும். கேமரா மெல்லத் திரும்பும் இடங்களிலெல்லாம் காட்சி வெட்டி வெட்டி நகரும். உன் நிக்காஹ் ஊர்வலத்தில், தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கேமரா நகர்கிற அந்த நீண்ட காட்சியை அப்படிப் பார்க்க எனக்கு மனம் ஒப்பாது. கோடியின் அமைப்புகளில் படத்துக்கேற்பத் திரையின் புதுப்பிப்பு வீதத்தை மாற்றும் தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால், டி.வி. ஏற்குமானால், தானாகவே 50-க்கு மாறிக்கொள்ளும். இரு பாதிகளையும் சரியாக இணைக்காவிட்டால் அசையும் உருவங்களின் ஓரங்களில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரியும். அதைச் சீர்செய்யும் டீஇன்டர்லேஸ் வசதியும் கோடியிலேயே உண்டு.

நெட்ஃப்ளிக்ஸ் போன்றவற்றை இந்தப் பலகையில் எதிர்பார்க்காதே; உரிமப் பாதுகாப்பு காரணமாக அவை இதற்கு உயர்தரப் படத்தைத் தருவதில்லை. டி.வி.யிலேயே உள்ள செயலிகளில் பார்த்துக்கொள்ளலாம். பெயர் தெரியாத மலிவான ஆண்ட்ராய்டு பெட்டியை மட்டும் வீட்டுக்குள் விடாதே. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கெடுநிரல் புகுந்திருக்கும் இத்தகைய கருவிகளைக் குறித்து அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் எச்சரிக்கை வெளியிட்டது.

மின்வெட்டுதான் இன்னொரு தொல்லை. பலகையின் இயங்குதளம் இருப்பது ஒரு மெமரி கார்டில்; அதில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெட்டுவிடக்கூடும். பெட்டியையும் டிஸ்கையும் இன்வெர்ட்டர் இணைப்பில் போடு. எல்லாம் ஓடத் தொடங்கியதும் கார்டின் முழு நகலொன்றை எடுத்து வைத்துவிட்டால், கெட்டாலும் அன்றைக்கே புதுக் கார்டில் எழுதிவிடலாம். டிஸ்கின் கோப்பமைப்பு எஃப்ஏடி32 ஆக இருக்கக் கூடாது. 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது. கடலைப் பார்த்த சன்னலோரத்தில் எதையும் வைக்காதே.

உம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். டி.வி.யின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் ஹார்டு டிஸ்கின் மேல் அச்சிட்டிருக்கும் மின்அளவையும் படமெடுத்து அனுப்பு. பை 4-இன் யுஎஸ்பி துளைகள் எல்லாம் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும். டிஸ்க் அதற்குள் அடங்கினால் பலகையோடு 3 ஆம்பியர் அடாப்டர் ஒன்று போதும், அடங்காவிட்டால் டிஸ்குக்குத் தனி மின்இணைப்பு வேண்டும். நான் அந்தப் படங்களைப் பார்த்துச் சொன்ன பிறகு வாங்கு. கார்டை நானே எழுதிக்கொண்டு அடுத்த ஞாயிறு கீழக்கரைக்கு வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்