தர்ஷினியின் கால் விஷயமாக

அன்புள்ள கனகாவுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்கு ஓசூருக்கு மாற்றல் ஆகிவிட்டது. மருமகளும் குழந்தையும் பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் என்னோடு இருக்கிறார்கள், வீடு கலகலவென்று இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் சில நாள் ஒரு பிசியோதெரபி சென்டருக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

சரி, உன் பேத்தி தர்ஷினியின் இடது கால் குட்டையாக இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். கடிதம் முழுக்க அவள் கவலைதான் உனக்கு. அவ்வளவையும் போனில் பேசி முடிக்க முடியாது என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

யூனிபார்ம் தைக்கிறவர்தான் முதலில் சொன்னார் என்று எழுதியிருந்தாய். சுடிதாரில் இடது கால் பக்கம் மட்டும் தரையில் புரள்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் எல்லோரும் அவள் நடையைப் பார்த்தீர்கள். இதற்காக உன் மகள் சுபா தன்னையே திட்டிக்கொள்ள வேண்டாம் என்று சொல். குழந்தைகள் இதை ரொம்ப அழகாகச் சமாளித்துவிடுவார்கள். குட்டையான காலில் குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் நடப்பார்கள், இல்லாவிட்டால் நீளமான காலின் முட்டியை லேசாக மடக்கிக்கொண்டு நிற்பார்கள். பார்க்கிறவர்களுக்கு நொண்டுகிற மாதிரியே தெரியாது. வீட்டில் தினம் பார்க்கிற கண்ணுக்கு அது இன்னும் தெரியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு காலும் மில்லிமீட்டர் சுத்தமாக ஒரே அளவு இருக்கிறவர்கள்தான் குறைவு. ஒரு சென்டிமீட்டருக்குள் வித்தியாசம் எத்தனையோ பேருக்கு உண்டு, அவர்களுக்கே தெரியாமல் ஆயுசு முழுக்க ஓடி ஆடி இருப்பார்கள். இரண்டு சென்டிமீட்டர் வரைக்கும்கூடப் பெரும்பாலும் ஆபரேஷன் பேச்சே வராது. தர்ஷினிக்கு இப்போது இரண்டரை என்று ரிப்போர்ட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறாய். அவளுக்குப் பதினொரு வயசு. இந்த அளவோடு நின்றுவிடுமா, வளர வளரக் கூடுமா என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி.

நான் எப்படி அளப்பேன் தெரியுமா? டேப்பை இடுப்பெலும்பின் முன் முனையில் வைத்து உள் கணுக்கால் வரைக்கும் இழுத்துப் பார்ப்பது உண்டு. ஆனால் அதைவிடக் கட்டை வைத்துப் பார்ப்பதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் கனத்தில் பலகைத் துண்டுகள் வைத்திருப்போம். பிள்ளையைச் செருப்பில்லாமல் நேராக நிற்கச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலும் கையை வைத்தால், எந்தக் கை தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தாலே தெரியும். தாழ்ந்த பக்கத்துக் காலுக்கு அடியில் ஒவ்வொரு துண்டாக வைத்துக்கொண்டே போவோம். இரண்டு கையும் சமமாக வரும் இடம்தான் கணக்கு. சில பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் 'இப்போ நல்லா இருக்கு' என்று தாங்களாகவே சொல்லிவிடும். அப்புறம் படுக்க வைத்து இரண்டு முட்டியையும் மடக்கி, பாதத்தைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், குறை தொடை எலும்பிலா முழங்காலுக்குக் கீழேயா என்று புரியும். அதற்கு மேல் இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் நிற்க வைத்து எடுக்கிற நீள எக்ஸ்ரேதான் தீர்ப்பு.

இதையெல்லாம் ஏன் விவரமாக எழுதுகிறேன் என்றால், கால் குட்டையாகத் தெரிகிறதே தவிர எலும்பு குட்டை இல்லை என்ற நிலையும் உண்டு. முதுகுத்தண்டு வளைந்திருந்தாலோ, இடுப்பு மூட்டு ஒரு பக்கமாக இறுகிப் போயிருந்தாலோ இடுப்பே சாய்ந்து, ஒரு கால் ஏறிக்கொண்ட மாதிரி இருக்கும். அதற்கு வைத்தியம் வேறு, அங்கே ஹீலை உயர்த்தினால் உபத்திரவம்தான். தர்ஷினிக்கு எக்ஸ்ரேயில் தொடை எலும்புதான் குட்டை என்று தெளிவாக வந்துவிட்டது, அதனால் அந்தச் சந்தேகம் நமக்கு வேண்டாம்.

காரணமும் உனக்கே தெரிந்ததுதான். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்து, முட்டிக்கு மேலே வீங்கி, ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் ஊசி போட்டார்களே, எலும்பில் சீழ் என்று சொன்னார்களே, அதுதான். உயிருக்கும் காலுக்கும் ஆபத்தில்லாமல் அன்றைக்குத் தப்பித்துவிட்டாள். ஆனால் தொடை எலும்பின் கீழ் முனையில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு மெல்லிய குருத்தெலும்பு இருக்கிறது. எலும்பு நீளுவது அங்கிருந்துதான். சீழ் அதில் ஒரு பகுதியைப் பாதித்திருக்கிறது. முழுசாக நின்றுபோகவில்லை, மெதுவாக வளர்கிறது. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி, அவளுக்கு வளர்த்தி வேகமெடுத்த இந்த வயசில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது.

பக்கத்து வீட்டம்மா போலியோவா என்று கேட்டதாக எழுதியிருந்தாய். நம் வயசுக்காரர்களுக்கு அந்த நினைப்புத்தான் முதலில் வரும். எங்கள் சங்கரண்ணன் ஞாபகம் இருக்கிறதா? ஒரு வயசில் போலியோ வந்து வலது கால் குட்டையாகி, கெண்டைக்கால் சூம்பிப் போய்விட்டது. ஒவ்வொரு அடிக்கும் வலது கையால் தொடையை அழுத்திக்கொண்டுதான் நடப்பார். முட்டியை நிறுத்திப் பிடிக்கிற தசைக்குப் பலம் இல்லாததால் கைதான் அந்த வேலையைச் செய்தது. தசை வேலை செய்யாத காலில் எலும்பும் முழு வளர்ச்சி வளராது. 2011 ஜனவரிக்குப் பிறகு நம் நாட்டில் இயற்கையாகப் பரவுகிற அந்தக் கிருமியால் ஒரு குழந்தைக்கும் கால் போகவில்லை. இதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது. சங்கரண்ணன் இப்போதும் திண்டுக்கல்லில்தான் இருக்கிறார். எங்கள் அப்பா காலத்தில் அவருக்குச் செருப்பை உயர்த்தித் தர யாரும் இல்லை. அவர் முப்பதைத் தாண்டிய பிறகுதான் ஒரு தொழிலாளி ரப்பரை அடுக்கி ஒட்டிக் கொடுத்தார். அதற்குள் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே பழகிவிட்டது, இன்று முதுகு வலியில் கஷ்டப்படுகிறார். அதனால்தான் தர்ஷினி விஷயத்தில் நாள் கடத்த வேண்டாம் என்று நான் இவ்வளவு சொல்கிறேன்.

எண்ணெய் தேய்த்து நீவினால் கால் நீளும் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருந்தாய். நீவினால் தசைக்குச் சுகம். எலும்பு ஒரு மயிரிழைகூட நீளாது. அந்தக் காசை நல்ல செருப்பில் போடு.

செருப்பு என்றதும் ஒரு விஷயம். டாக்டர் ஒன்றரை சென்டிமீட்டர் உயர்த்தச் சொல்லியிருக்கிறார், சரியான பேச்சு. முழு வித்தியாசத்தையும் ஒரேயடியாக ஈடுகட்டக் கூடாது, கொஞ்சம் குறைத்தே வைப்பார்கள். ஷூவுக்குள்ளே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வைத்தால் குதிகால் வெளியே நழுவும், மிச்சத்தை அடியில்தான் ஒட்ட வேண்டும். குதிகாலில் மட்டும் ஒட்டாமல் பாதம் முழுக்க ஒட்டி, விரல் பக்கம் சரிவாகச் சீவி விடச் சொல். இல்லாவிட்டால் படியில் தடுக்கும். மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்று கேட்டால் கிடைக்கும், கனமே இருக்காது.

ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல். ஷூ பள்ளிக்கூடத்துக்குத்தான். வீட்டு வாசலில் கழற்றிவிட்டால் சமையலறை, மாடி, கோயில் எல்லாம் வெறுங்கால்தான். பாதி நாள் உயரம் வைத்து, பாதி நாள் வைக்காமல் நடப்பாள். வீட்டுக்குள் போட்டுக்கொள்ள மட்டும் தனியாக ஒரு ஜோடி ஒட்டி வாங்கிவிடு. கோயில் பிரகாரம் ஒரு மணி நேரம் வெறுங்காலில் சுற்றினால் ஒன்றும் ஆகாது, அதற்கெல்லாம் பயப்படாதே.

இனி நீ தூங்காமல் யோசித்துக்கொண்டிருக்கிற விஷயம். 'குட்டைக் காலை விட்டுவிட்டு நல்ல காலில் ஆபரேஷன் செய்கிறேன் என்கிறார் டாக்டர், இது என்ன நியாயம்?' என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி, கனகா. பெற்றவர்கள் எல்லோருக்குமே அந்த இடத்தில்தான் மனசு ஒப்பாது.

நீளமான காலின் வளர்ச்சியை நிறுத்தி, குட்டைக் கால் அதை நெருங்கி வர விடுவதுதான் அந்த ஆபரேஷன். கணக்கைப் பார். முட்டிக்கு மேலுள்ள வளர்ச்சித் தட்டு வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம் தரும். முட்டிக்குக் கீழே உள்ளது அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பெண் பிள்ளைகளுக்குப் பதினாலு வயசு வாக்கில் வளர்ச்சி நின்றுவிடும், பையன்களுக்குப் பதினாறு. தர்ஷினிக்கு மூன்று வருஷம் மிச்சம். அவளுடைய குட்டைக் காலின் தொடை வளர்ச்சித் தட்டு பாதி வேகத்தில்தான் வளர்கிறது என்றால், பதினாலில் வித்தியாசம் நாலு சென்டிமீட்டர் வாக்கில் நிற்கும். இப்போதே நீளமான காலின் தொடை வளர்ச்சித் தட்டை மட்டும் நிறுத்தினால், அந்தக் கால் மூன்று சென்டிமீட்டர் போல வளராமல் விடும். கடைசியில் ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம் மிஞ்சும், அது யாருக்கும் தெரியாது. ஒன்றரை வருஷம் தள்ளிப் போட்டால் அதே ஆபரேஷனில் பாதிப் பலன்தான் கிடைக்கும். பதினாலுக்கு மேல் செய்தால் பலனே இல்லை. டாக்டர் அவசரப்படுத்துவது இதனால்தான்.

இது புதுசாகக் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. சிகாகோவில் பெமிஸ்டர் என்ற டாக்டர் 1933இலேயே எழுதி வைத்த முறை. அன்றைக்குப் பெரிதாகக் கிழித்துச் செய்தார்கள். இன்று எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே, முட்டியின் இரு பக்கமும் சின்னத் துளை போட்டுச் செய்துவிடுகிறார்கள். ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டு பக்கமும் சின்னத் தகடும் திருகும் வைத்து நிறுத்துகிற வழியும் உண்டு, அதைப் பிறகு எடுத்துவிடலாம். எது வசதி என்று அவரையே கேள். உயரம் குறையுமே என்றாய். ஆமாம், அந்த மூன்று சென்டிமீட்டர் குறையும். சுபாவும் மாப்பிள்ளையும் நல்ல உயரம், அவளுக்கு அது ஒரு குறையாகத் தெரியாது.

அதற்கு மாற்று, குட்டைக் காலை நீட்டுவது. அதுவும் முடியும், அதில் எனக்கு மரியாதை உண்டு. சைபீரியாவில் குர்கன் என்ற ஊரில் இலிசரோவ் என்ற டாக்டர் 1950களில் கண்டுபிடித்தது. எலும்பை வெட்டி, காலைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டி, கம்பிகளால் எலும்பைப் பிடித்து, சில நாள் பொறுத்து, தினம் ஒரு மில்லிமீட்டர் வீதம் விரித்துக்கொண்டே போவது. அந்த ஒரு மில்லிமீட்டரையும் நாலு தடவையாகப் பிரித்துத் திருகுவார்கள். இடைவெளியில் புது எலும்பு தானாக ஊறி வரும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கிய ரஷ்ய வீரர் புருமெல், மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, எத்தனையோ ஆபரேஷன் தோற்ற பிறகு இலிசரோவிடம்தான் போய் நிமிர்ந்தார். இப்போது எலும்புக்குள்ளேயே வைத்து வெளியிலிருந்து காந்தத்தால் நீட்டுகிற கம்பியும் வந்துவிட்டது, விலைதான் நமக்கு எட்டாது.

ஆனால் வளையம் மாட்டிய பிள்ளைகளோடு நான் வருஷக்கணக்கில் வேலை செய்திருக்கிறேன். நாலு சென்டிமீட்டர் என்றால் நீட்ட நாற்பது நாள், அந்தப் புது எலும்பு இறுக இன்னும் மாதக்கணக்கு. கம்பி நுழைகிற ஒவ்வொரு இடத்தையும் தினம் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும், அப்படியும் சீழ் பிடிக்கும். முட்டி இறுகாமல் இருக்கத் தினமும் மடக்கி நீட்ட வேண்டும், பிள்ளை அழும், அம்மாவும் சேர்ந்து அழுவாள். ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம் உள்ளவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஒரு சின்ன ஆபரேஷனில் முடிகிற நிலையில் இருக்கிற நம் பிள்ளைக்கு அந்தப் பாடு எதற்கு? என் பேத்தியாக இருந்தால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

முடிவெடுக்கும் முன் இரண்டு வேலை இருக்கிறது. இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயசைப் பார்க்கச் சொல், சில பிள்ளைகளுக்கு எலும்பு வயசு ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கும், மேலே சொன்ன கணக்கு முழுக்க அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அப்புறம், அவள் இன்னும் பெரிய மனுஷி ஆகவில்லை என்று எழுதியிருந்தாய். ஆகிவிட்டால் சடங்கு வேலை எல்லாம் அப்புறம், முதலில் டாக்டருக்குப் போன் போட்டுத் தேதியோடு சொல்லச் சொல் சுபாவை. அதற்கு மேல் வளர்த்தி வேகம் தணிந்துவிடும்.

பள்ளியில் ஒரு பையன் நடையைக் காட்டிக் கேலி செய்ததாகச் சொன்னாளாமே. டீச்சரிடம் சுபா நேரில் போய்ப் பேசட்டும். கபடியை மட்டும் யாரும் நிறுத்தச் சொல்ல வேண்டாம், டாக்டர் தடுக்கவில்லை என்றால் விளையாடட்டும்.

காலாண்டு லீவில் அவளை அழைத்துக்கொண்டு நீயும் வா. பழைய எக்ஸ்ரே, கைக்குழந்தையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு எது இருந்தாலும் எடுத்து வா, சின்ன வயசில் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்று வேகத்தைக் கணக்குப் போட அது ரொம்ப உதவும். நானே கட்டை வைத்துப் பார்த்து எழுதித் தருகிறேன். அண்ணனுக்கும் சுபாவுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராஜம்