பொங்கல் லீவில் பாதி என்றால் எத்தனை நாள்?

எல்லையின் இரண்டு பக்கமும் குடும்ப நீதிமன்றங்களை மேற்பார்க்கும் மாண்புமிகு உயர் நீதிமன்றங்களுக்கு,

வணக்கம். நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரன். விவாகரத்தான ஒரு தங்கைக்கு அண்ணன், அவள் மகளுக்குத் தாய்மாமன். வழக்கு முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது, அதில் எங்களுக்குக் குறை இல்லை. பாப்பா அம்மாவிடம் இருக்க வேண்டும், இரண்டாம், நாலாம் சனிக்கிழமை அப்பாவிடம் போக வேண்டும், பண்டிகை விடுமுறை ஆளுக்குப் பாதி. நியாயமான உத்தரவுதான். அந்த உத்தரவை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து சேர்க்க, பெற்றோர் ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு ஆள் வேண்டும், அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன பொங்கலுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு (இன்னும் வாயில் அப்படித்தான் வருகிறது) பொள்ளாச்சிப் பக்கம். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போகவேண்டும். அங்கே பொங்கல் என்றால் பள்ளிக்கூடத்துக்குச் சேர்ந்தாற்போல் நாலைந்து நாள் லீவு கிடைக்கும். இங்கே கேரளத்தில் தமிழர் இருக்கும் எல்லை மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை என்று ஒரே ஒரு நாள். உத்தரவில் இருப்பது 'பொங்கல் விடுமுறையில் பாதி' என்ற மூன்றே சொல். எந்த ஊர் விடுமுறை? அவர் தமிழ்நாட்டுக் கணக்கில் போகி அன்று காலையிலேயே பள்ளி வாசலில் வந்து நின்றார். தங்கை இந்தப் பக்கத்துக் கணக்கில், பொங்கலன்று மத்தியானம் வரைக்கும்தான் என்றாள். உத்தரவை வைத்துப் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் சரி. அம்மா சொல்லாமல் பிள்ளையை அனுப்ப முடியாது என்றார் ஹெட்மாஸ்டர், அவர் மேலும் தப்பில்லை. இரண்டு வக்கீலுக்கும் போன் போட்டோம். ஒருவர் எடுக்கவில்லை, இன்னொருவர் மனு போடலாம் என்றார். பள்ளி விடும்வரை வெயிலில் நின்றுவிட்டு மாப்பிள்ளை பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார்.

அன்று ராத்திரி டிபன் பாக்ஸை எடுப்பதற்காகப் பாப்பாவின் பள்ளிப் பையைத் திறந்தேன். புத்தகத்துக்கு அடியில் பட்டுப்பாவாடையை மடித்து வைத்திருந்தாள், அதற்குள் சுருட்டி ஒரு சின்ன நீலப் பெயிண்ட் டப்பா. அப்பா வீட்டு மாட்டுக்குக் கொம்பில் பூசுவதற்கு. மார்கழி பிறந்ததிலிருந்து அதைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் என்ன முடிவு செய்தாலும் தான் தயாராக இருக்க வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் காலையிலேயே அடுக்கி எடுத்துப் போயிருக்கிறாள். ஏழு வயது. இப்போதெல்லாம் காலண்டரில் சிவப்பு எழுத்தைப் பார்த்தால், "மாமா, இது எந்த ஊர் லீவு?" என்று கேட்கிறாள்.

மனு போட்டாயிற்று. எதிர்மனுவும் போட்டாயிற்று. இரண்டு வாய்தா போய்விட்டது. போகியன்று பத்து நிமிடத்தில் ஒருவர் சொல்லியிருக்க வேண்டிய பதில், மாசி பிறந்தும் வரவில்லை.

அந்த ஒருவரைத்தான் கேட்கிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் இப்படி ஒரு ஏற்பாடு இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பெற்றோர் ஒருங்கிணைப்பாளர் என்று நீதிமன்றமே நியமிக்கிறது. மனநல வல்லுநரோ, சமூகப் பணியாளரோ, குடும்ப வழக்கு தெரிந்த வக்கீலோ, அதற்கென்று பயிற்சி எடுத்தவர். பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் அவர் கை வைக்க முடியாது. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த லீவு என்ற சில்லறைத் தகராறுகளை மட்டும் அவர் இரண்டு பேரிடமும் பேசி முடிக்கிறார். ஒக்லஹோமா மாநிலம் 2001-லேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2013 முதல் குடும்பச் சட்டத்திலேயே இருக்கிறது. பென்சில்வேனியாவில் 2013-ல் இந்த முறையை எடுத்துவிட்டு, அதிகாரத்தைக் குறைத்து 2019-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போது அங்கே அவர் பரிந்துரைதான் செய்வார், உத்தரவு நீதிபதியுடையது. அந்த வரம்பு இங்கேயும் இருக்கட்டும். அடி உதை இருந்த குடும்பமாக இருந்தால் இரண்டு பேரும் சம்மதிக்காமல் ஒருங்கிணைப்பாளரிடம் அனுப்பக் கூடாது என்று ஃப்ளோரிடா சட்டம் சொல்கிறது, அதுவும் கட்டாயம் வேண்டும்.

நம் சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். 1984-ம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 6-வது பிரிவில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 12-வது பிரிவில் குடும்ப நல வல்லுநர்களின் உதவியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். விதி வகுக்கும் அதிகாரத்தை 21-வது பிரிவு உங்களுக்கே கொடுத்திருக்கிறது. எங்கள் வழக்கிலும் அப்படி ஒரு ஆலோசகர் இருந்தார், பொறுமையாகத்தான் பேசினார், ஆனால் தீர்ப்பு வந்த அன்றோடு அவர் வேலை முடிந்துவிட்டது. எங்களுக்குச் சிக்கல் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆலோசகர் பேசியது மலையாளம். எங்களுக்குப் பழக்கம், பொள்ளாச்சி மாப்பிள்ளைக்குப் பாதி புரியவில்லை, புரியாததற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வெளியே வந்து என்னிடம் கேட்டார். எதிர்த்தரப்புக்காரனிடம்! தமிழ்ச் சிறுபான்மை என்று அரசு காகிதத்தில் எங்களுக்கு இருக்கும் உரிமையெல்லாம் அந்த அறைக்குள் வரவில்லை. ரேஷன் கடையில், பஞ்சாயத்து ஆபீசில் என்று பிறந்ததிலிருந்து இதைப் பார்த்துவருகிறோம், பொறுத்துக்கொண்டோம். பிள்ளை விஷயத்தில் பொறுக்க முடியவில்லை.

சரி, கோபமாக எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். கஸ்டடி வழக்கில் யார் ஜெயித்தாலும் தோற்பது குழந்தைதான் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் எழுதியது. அதைப் படித்த நாளிலிருந்து அந்த நீல டப்பாவைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை, என் அலமாரியில்தான் இருக்கிறது.

ஆகவே பணிந்து கேட்கிறேன். தீர்ப்புக்குப் பிறகும் கூட இருக்க, இரண்டு மொழியும் தெரிந்த, இரண்டு மாநிலப் பள்ளிக் காலண்டரும் கையில் வைத்திருக்கும் ஒரு ஒருங்கிணைப்பாளரை, எல்லை மாவட்டங்களிலாவது முதலில் நியமியுங்கள். கட்டணத்தை இரண்டு வீடும் பாதிப் பாதி கட்டுகிறோம், வக்கீலுக்குக் கொடுப்பதை விடக் குறைவாகத்தான் இருக்கும். முடியாதவர்களுக்கு இலவச சட்ட உதவியில் வழி செய்யுங்கள்.

மார்ச் கடைசியில் இங்கே பள்ளி மூடிவிடும், ஜூன் ஒன்றாம் தேதி திறக்கும். அந்தப் பக்கம் ஏப்ரலிலும் பரீட்சை நடக்கும். உத்தரவில் 'கோடை விடுமுறையில் பாதி' என்று இருக்கிறது. அதற்குள் யாராவது ஒருவரைச் சொல்லுங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன், கொழிஞ்சாம்பாறை