நிறுத்துங்கள், ஆனால் கதையை முடித்துவிட்டு நிறுத்துங்கள்

தமிழ் சேனல்களில் எந்த சீரியல் ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று முடிவெடுக்கிற இடத்தில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

மதுரை செல்லூரிலிருந்து எழுதுகிறேன். தொடரை நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு, அதில் எனக்குச் சண்டை இல்லை. நிறுத்துவதாக இருந்தால் கதையை முடித்துவிட்டு நிறுத்துங்கள், எந்தத் தேதியில் முடிகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

எங்கள் தெருவில் மதியச் சாப்பாடு முடிந்ததும் நாலைந்து வீட்டுப் பெண்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்து மல்லிகை கட்டுவார்கள். சாயங்காலம் மொட்டு விரிவதற்குள் கட்டி அனுப்பியாக வேண்டும், அதனால் கை நிற்காது, கண் மட்டும் உள்ளே ஓடும் டிவியில் இருக்கும். போன வருஷம் அவர்கள் பார்த்துவந்த ஒரு தொடரில், சின்ன வயதில் பிரிந்த அம்மாவைத் தேடி வந்த பெண் ஒரு சனிக்கிழமை அந்த வீட்டு வாசலில் வந்து நின்றாள். திங்கட்கிழமை அதே நேரத்துக்கு வேறொரு தொடரின் முதல் எபிசோடு ஓடியது. ஒரு வரி அறிவிப்புகூட இல்லை. "அந்தப் புள்ள அம்மாவப் பாத்துச்சா இல்லையா?" என்று பக்கத்து வீட்டு அத்தை ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார், யாரிடம் பதில் இருக்கும்?

உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சொல்லும் பார்க் (BARC) ரேட்டிங் வியாழக்கிழமைதோறும் வருகிறது. தேர்ந்தெடுத்த வீடுகளில் மட்டும் அதை அளக்கும் மீட்டர், அந்த வீடுகள் எவை என்பது ரகசியம். ராத்திரி ஸ்லாட்டில் விளம்பரக் காசு அதிகம், எதிர் சேனலின் போட்டியும் அதிகம், அதனால் சில வாரம் புள்ளி இறங்கினாலே கத்தி விழுகிறது. மதிய நேரத்தில் அந்த நெருக்கடி குறைவு, செலவும் குறைவு. மதியத் தொடரான சந்திரலேகா 2014-இல் தொடங்கி 2022 வரைக்கும் 2,300 எபிசோடுக்கு மேல் ஓடியதில் கதைக்கு எவ்வளவு பங்கோ, ஸ்லாட்டுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஆனால் வருஷக்கணக்கில் இழுப்பது, திடீரென்று வெட்டுவது, இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கதை எங்கே முடியும் என்று யாரும் முதலிலேயே முடிவு செய்வதில்லை. ரேட்டிங் வந்தால் புது வில்லி, புது கல்யாணம், நடிகர் விலகினால் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு அட்டை, அப்புறம் ரேட்டிங் விழுந்தால் மூன்று வருஷக் கதையை மூன்றே நாளில் சுருட்டிவிடுகிறீர்கள், வில்லி திருந்துகிறாள், எல்லோரும் ஒன்றாக நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், சுபம்.

மெட்டி ஒலியைப் பாருங்கள். 811 எபிசோடு என்பது குறைவா என்ன? ஆனாலும் ஒரு அப்பா, ஐந்து மகள்கள், அவர்கள் வாழ்க்கை என்ற கோட்டை விட்டு அது விலகவில்லை, 2005-இல் முடிந்தது. 2020 ஊரடங்கில் மறுபடி ஒளிபரப்பியபோது முடிவு தெரிந்தவர்களே உட்கார்ந்து பார்த்தார்கள். அதே ஊரடங்கில் அழகு போன்ற சில தொடர்கள் பாதியிலேயே நின்றன. அது யார் கையிலும் இல்லாத காலம், அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். சாதாரண நாளில் நடக்கும்போதுதான் வலிக்கிறது.

எதிர்நீச்சல் தொடர் எங்களுக்கு ரொம்ப நெருக்கம், ஏனென்றால் அது மதுரைக் குடும்பத்தின் கதை, ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து பக்கத்துத் தேனி மாவட்டத்துக்காரர். 2023 செப்டம்பரில் அவர் இறந்த பிறகும் இன்னொருவரை வைத்துக் கதையை நடத்தினார்கள், 2024 ஜூனில் முடித்தார்கள், அந்த டிசம்பரிலேயே அடுத்த பாகம் வந்தது. அந்த வீட்டுப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று தெரிந்துகொள்ள மக்கள் காத்திருந்தார்கள் என்பதற்கு வேறு ரேட்டிங் வேண்டாம்.

இன்றைக்கு நிறுத்தலாமா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் தொடர் எதுவானாலும் சரி, எழுதுகிறவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள், முடிக்க இரண்டு வாரமாவது கொடுங்கள். கடைசி எபிசோடின் தேதியை ப்ரோமோவில் போடுங்கள். தினக்கூலிக்கு வேலை பார்க்கும் லைட்மேனும் மேக்கப் உதவியாளரும் அடுத்த வேலை தேட அந்த இரண்டு வாரம் அவர்களுக்கும் வேண்டும்.