டிராகுலாவை வெயிலில் எரிக்காதீர்கள்: சுருக்கப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். டிராகுலா என்ற ரத்தக்காட்டேரியைப் பற்றி பிராம் ஸ்டோக்கர் எழுதிய ‘டிராகுலா’ நாவலைச் சுருக்கித் தமிழில் தரும் உங்கள் அனைவருக்கும் இதை எழுதுகிறோம். அண்மையில் வந்த ஒரு சுருக்கப் பதிப்பின் கடைசி அத்தியாயத்தில், பெட்டியின் மூடி திறந்ததும் வெயில் பட்டு டிராகுலா சாம்பலாகிறான். அட்டைப்படத்தில் அவன் நெஞ்சில் மரமுளை இறங்கியிருக்கிறது. உள்ளே ‘மூலம்: பிராம் ஸ்டோக்கர், 1897’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டு மரணங்களுமே மூலத்தில் இல்லை என்பது அதைக் கையில் வைத்துக்கொண்டு சுருக்கிய உங்களுக்குத் தெரியாதிருக்க வழியில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். டிராகுலாவால் எது முடியும், எது முடியாது என்று சொல்லும் 18ஆம் அத்தியாயத்தின் விதிகளை அடுத்த அச்சில் உள்ளபடியே திருப்பிக் கொடுங்கள்.

டிராகுலாவை வேட்டையாடும் குழுவை வழிநடத்தும் பேராசிரியர் வான் ஹெல்சிங் தன் கூட்டாளிகளிடம் எதிரியின் பலத்தையும் பலவீனத்தையும் வரிசையாக எடுத்துச் சொல்லும் அத்தியாயம் அது. டிராகுலாவுக்கு இருபது ஆள் பலம் உண்டு. ஓநாயாவான், வவ்வாலாவான். மூடுபனியை உண்டாக்கி அதற்குள் வருவான்; ஆனால் அந்தப் பனி அவனைச் சுற்றிக் கொஞ்ச தூரம்தான் பரவும். நிழல் விழாது, கண்ணாடியில் தெரியமாட்டான். ரத்தம் கிடைக்கக் கிடைக்க இளமை திரும்பும். அதே மூச்சில் அவனுடைய தளைகளையும் ஸ்டோக்கர் சொல்லிவிடுகிறார். வீட்டார் ஒருவர் அழைக்காமல் முதல் தடவை உள்ளே வர முடியாது. பூண்டும் சிலுவையும் அவனைத் தடுக்கும். சவப்பெட்டியின் மேல் காட்டு ரோஜாக் கிளையை வைத்தால் எழுந்து வர முடியாது. பகல் வந்தால் அவன் சக்தி ஓய்ந்துவிடும். தன் மண் இருக்கும் இடத்தை விட்டு வெளியே இருந்தால் உதயம், நண்பகல், அஸ்தமனம் ஆகிய நேரங்களில் மட்டுமே உருமாற முடியும். வெயிலில் எரிவான் என்று எங்கும் இல்லை.

இந்த ஒரு விதியை மாற்றியதால் என்ன உடைகிறது என்று கதையில் அக்டோபர் 3ஆம் தேதி நடப்பதை வைத்துப் பாருங்கள். அவன் படுத்து ஓய்வெடுப்பதற்காகத் தன் ஊர் மண்ணை நிரப்பி லண்டனுக்குக் கொண்டுவந்தவை ஐம்பது மண்பெட்டிகள். அவன் வாங்கிய கார்ஃபாக்ஸ் என்ற பழைய மாளிகையில் 29, மற்ற மூன்று இடங்களில் 6, 6, 9. ஒவ்வொன்றிலும் கிறிஸ்தவர்கள் புனிதமாகக் கருதும் நற்கருணை அப்பத்தை வைத்து அவனுக்குப் பயன்படாமல் ஆக்க வேண்டும். எதிரி வலுவிழந்திருக்கும் பகலிலேயே அதை முடிக்க வேண்டும். லண்டனின் பிக்காடிலி தெருவில் அவன் வாங்கிய வீட்டில் வான் ஹெல்சிங் குழுவினர் இருக்கும்போது, அவர்கள் கூட்டாளியான மினாவின் தந்தி வருகிறது: 12.45க்கு அவன் கார்ஃபாக்ஸிலிருந்து கிளம்பிவிட்டான். பட்டப்பகலில் தெருவில் வருகிறான். வீட்டுக்குள் வந்தவன் மேல் மினாவின் கணவன் ஜோனதன் குக்ரி என்ற வளைந்த கத்தியை வீசுகிறான். கோட்டு கிழிந்து நோட்டுகளும் பொற்காசுகளும் கொட்டுகின்றன. அவன் பனியாகக் கரையவில்லை, வவ்வாலாகவில்லை. ஜன்னலை உடைத்துக் குதித்து ஓடுகிறான். அது உருமாற முடியாத வேளை. வெயில்தான் அவனைக் கொல்லும் என்றால் அப்பம் எதற்கு, கத்தி எதற்கு? பெட்டி மூடியைத் திறந்துவைத்தால் கதை முடிந்திருக்குமே.

உங்கள் பதிப்பை முதல்முறையாகப் படிக்கும் மாணவர் இங்கேதான் தடுக்கி விழுகிறார். முன்னுரையில் வெயில் பட்டால் சாவான் என்று படித்தவர், சில பக்கங்கள் தள்ளி அவன் பகலில் தெருவில் நடப்பதைப் பார்க்கிறார். எழுதியவர் கோட்டைவிட்டார் என்றுதானே நினைப்பார்? பிழை உங்களுடையது, பழி ஸ்டோக்கருக்கு. இது எங்களை மிகவும் வருத்துகிறது.

வெயிலில் அழியும் ரத்தக்காட்டேரி 1922இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மன் ஊமைப் படத்திலிருந்து பரவியது. அனுமதி பெறாமல் எடுத்த படம் அது. ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடுத்து, பிரதிகளை அழிக்கத் தீர்ப்பும் பெற்றார். அந்தப் படத்தின் முடிவை அவர் கணவரின் பெயரிலேயே நீங்கள் விற்கிறீர்கள்.

ரென்ஃபீல்டையும் முழுதாக வெட்டியிருக்கிறீர்கள். மினா தங்கியிருக்கும் மனநோய் விடுதிக்குப் பக்கத்துக் கட்டடமான கார்ஃபாக்ஸிலேயே டிராகுலா இருந்தும் உள்ளே வர முடியாமல் காத்திருக்கிறான். ஆயிரக்கணக்கான எலிகளைத் தருவதாக ஆசைகாட்டி, அங்கே நோயாளியாக இருக்கும் ரென்ஃபீல்டின் வாயால் அழைப்பைப் பெற்ற பிறகே மினாவை நெருங்குகிறான். அந்த நோயாளியை நீக்கிவிட்டால் அவன் எப்படி நுழைந்தான்?

மரமுளை, டிராகுலா கடித்து ரத்தக்காட்டேரியாக மாறிய மினாவின் தோழி லூசிக்கு உரியது. மூன்றடி நீளம், இரண்டரை மூன்று அங்குலப் பருமன், முனையைத் தீயில் கருக்கி இறுக்கிக் கூராக்கியது. அதை இறக்கிய பிறகு தலையைத் துண்டித்து வாயில் பூண்டு திணிக்கிறார்கள். கதையின் இறுதியில், நவம்பர் 6ஆம் தேதி மாலை டிராகுலாவுக்கு முளையைத் தயார் செய்ய நேரமே இல்லை. பெட்டிக்குள் கிடக்கும் அவன் சாயும் சூரியனைக் கண்ணால் பார்க்கிறான். பகை நிறைந்த முகத்தில் வெற்றிக்களை வருகிறது, ஏனென்றால் இன்னும் சில நொடிகளில் சக்தி திரும்பிவிடும். அந்த நொடிகளுக்குள் ஜோனதனின் கத்தி கழுத்தை அறுக்கிறது, கூட்டாளி குயின்சி மாரிஸின் கத்தி இதயத்தில் பாய்கிறது. உடல் தூளாகிறது. இத்தனை விறுவிறுப்பான முடிவை எதற்காக மாற்றினீர்கள்?

இதோடு நிற்கவில்லை. நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைத் துணுக்கு என்று போகும் நூலை ஒரே குரலில் சொல்லப்படும் கதையாக்கியிருக்கிறீர்கள். எந்தப் பதிப்பிலிருந்து சுருக்கினீர்கள், எவ்வளவு வெட்டினீர்கள் என்ற குறிப்பும் இல்லை. மற்ற உலகச் செவ்வியல் நூல்களுக்கும் தமிழில் இதே கதிதான். சிறுவர்கள்தானே படிக்கிறார்கள் என்ற அலட்சியத்தை எங்களால் ஏற்க முடியவில்லை. முதல் வாசிப்பு அவர்களுடையது என்பதால்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

சுருக்குவதற்கு நாங்கள் எதிரிகள் அல்ல. 27 அத்தியாயங்களை நூறு பக்கத்தில் தருவது கடினமான வேலை என்பதை அறிவோம். விதிகளுக்கு ஒன்றரைப் பக்கம், ரென்ஃபீல்டுக்கு இரண்டு பக்கம் போதும். கடைசிக் காட்சியைத் திருத்தினால் பக்கமே கூடாது. 18ஆம் அத்தியாயத்தின் விதிகளை அடுத்த அச்சில் சேர்த்துவிடுங்கள். அதுவரை, கடைகளில் இருக்கும் படிகளில் ஒரு திருத்தத் தாளாவது வைத்துக் கொடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
‘டிராகுலா’வின் முழு நூலைப் படித்த வாசகர்கள்