ஜீப்பை ஏன் மறிக்கிறார்கள்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, பதில் போடாததற்குத் திட்டாதே. மகளுக்குப் பரீட்சை, எனக்கு முதுகுவலி, ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை நீயே பக்கத்தில் உட்கார்ந்து விடு, போட்டுக்கொண்டேன் என்று சொல்லி ஏமாற்றிவிடுவார்கள்.

அப்புறம் அந்த ஜீப் விஷயம். மலையில் தீப்பிடித்து அணைந்த பிறகு நீ பிழைப்புக்கு ஓட்டுகிற ஜீப்பை செக்போஸ்ட்டில் மறித்துத் திருப்பிவிட்டார்கள், "எரிஞ்சு முடிஞ்ச காட்டுல இனி என்னடா எரியப்போகுது" என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியை இதே கோபத்தோடு நானும் ஒரு பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறேன்.

2018. நம்ம குரங்கணியில் மார்ச் மாதம் 23 பேரைத் தீ கொண்டுபோனதே, அதே வருஷம். இங்கே வடக்குக் கலிபோர்னியாவில் ரெட்டிங் என்று ஒரு ஊர், நாங்கள் இருக்கும் சாக்ரமெண்டோவிலிருந்து இரண்டரை மணி நேரம். பக்கத்திலேயே விஸ்கிடவுன் ஏரி, சுற்றிலும் 42,000 ஏக்கர் அரசு நிலம், காடும் மலையும். ஜூலை 23 அன்று அந்த வழியாக ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், டயர் பஞ்சர், ரிம் தார் ரோட்டில் உரசிப் பொறி பறந்து ஓரத்துக் காய்ந்த புல்லில் விழுந்தது. அவ்வளவுதான். மூன்றே நாளில் தீ ஆற்றைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டது, நெருப்பே சூறாவளி மாதிரி சுழன்றடித்தது. எட்டுப் பேர் செத்தார்கள், ஆயிரத்துக்கும் மேல் வீடுகள் போயின, அணைத்து முடிக்க ஆகஸ்ட் கடைசி ஆனது. மொத்தம் 2,29,000 ஏக்கருக்கு மேல். விஸ்கிடவுனில் எரியாத இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வேண்டுமென்று யாரும் செய்ததில்லை, பஞ்சர் யாருக்கும் ஆவதுதானே.

அந்த அக்டோபர் கடைசியில் நானும் இரண்டு கூட்டாளிகளும் என் ஓட்டை ஜீப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனோம். நாங்கள் வழக்கமாக ஏறும் மண் பாதையில் கேட் பூட்டியிருந்தது, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள், மறு உத்தரவு வரும்வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. கேட்டுக்கு இடப்பக்கம் சாம்பலில் புதுச் சக்கரத் தடம், யாரோ சுற்றிப் போயிருக்கிறார்கள். நாமும் போகலாமா என்று எனக்கும் கை அரித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்போதுதான் மேலேயிருந்து ஒரு அம்மா இறங்கி வந்தார், காட்டில் வேலை பார்ப்பவர், தோளில் மண்வெட்டி. நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் பூட்ஸ் காலால் சாம்பலை ஒதுக்கிவிட்டு, என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி மண்ணில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். உள்ளே இறங்கவே இல்லை, மாப்ளே. சேப்பங்கிழங்கு இலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நின்றது, அப்படியே சரிவில் உருண்டது. வெந்த காட்டு மண்ணில் தண்ணீர் இப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

இலை சருகில் இருக்கிற மெழுகுச் சத்து சூட்டில் ஆவியாகி மண்ணுக்குள் போய், விரல் ஆழத்தில் படிந்துவிடுமாம். அதற்கு மேல் பெய்கிற மழை ஓடத்தான் செய்யும். ஜீப் போனால் இரண்டு பள்ளம் விழும், அந்தத் தடமே வாய்க்கால். அங்கே மண் வேறு மக்கிப்போன கருங்கல், கையில் அள்ளினால் நாட்டுச் சர்க்கரை மாதிரி உதிரும். முதல் பெருமழையில் அது எங்கே போகும்? கீழே இருக்கிற ஏரிக்கு. அதே வருஷம் ஜனவரி 9 அன்று தெற்கே மாண்டிசிடோ என்ற ஊரில் எரிந்த மலைமேல் மழை கொட்டி, சேறும் பாறையுமாக இறங்கி 23 பேரை அடித்துப்போனது. அதற்கும் ஜீப்புக்கும் சம்பந்தமில்லை, ஆனால் வெந்த மலையில் தண்ணீர் எப்படி வரும் என்பதற்குச் சொல்கிறேன்.

இன்னொன்றும் காட்டினார். பாதைக்கு அடியில் தண்ணீர் போகப் போட்டிருந்த பிளாஸ்டிக் குழாய் உருகிப்போய்விட்டது, மேலே ரோடு பார்க்க அப்படியே இருக்கிறது, அடியில் வெறும் பொந்து. மரத்தின் வேர் மண்ணுக்குள்ளேயே கனன்று எரிந்து குழியாகிவிடும், ஆள் மிதித்தாலே முழங்கால் வரை போகும், ஜீப் என்ன ஆகும்? போதாததற்கு அது பழைய தங்கச் சுரங்கப் பகுதி, புதர் மூடியிருந்த பள்ளங்கள் எல்லாம் இப்போது வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன.

கடைசியில் என் டயர் பட்டையில் ஒட்டியிருந்த முள்செடி விதையை நோண்டி எடுத்து என் கையிலேயே கொடுத்தார், வெந்த வெறும் மண்ணில் காட்டுச் செடிக்கு முன்னால் இது முளைத்து இடத்தைப் பிடித்துக்கொள்ளுமாம், கொண்டுபோய்ப் போடுவது நம் டயர்தான். மற்றதைவிட அதுதான் எனக்கு உறைத்தது.

மறு வசந்தத்தில் நடந்து போனோம், நடக்க விட்டிருந்தார்கள். அங்கே ஒரு வகை பைன் மரம், காய் நெருப்பில் வெந்தால்தான் வாய் திறந்து விதையைக் கொட்டும். சுண்டுவிரல் உயரத்தில் கன்றுகள், கோரைப்பாய் விரித்த மாதிரி. கேட்டுக்கு இடப்பக்கம் யாரோ சுற்றிப் போன அந்தத் தடத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

ஆனாலும் என் குறை ஒன்று அப்படியே இருக்கிறது. "மறு உத்தரவு வரும்வரை" என்று தேதி போடாமல் ஒட்டுவது அநியாயம். எத்தனை மழை பார்க்க வேண்டும், எந்தப் பாதை, யார் வந்து பார்த்துத் திறப்பார்கள் என்று எழுதினால்தான் ஆட்கள் கேட்டைச் சுற்றிப் போகாமல் இருப்பார்கள். முழங்கால் போன என் மாமனாரை அந்த ஏரிக்கு மேலே ஜீப்பில்தான் கூட்டிப்போவேன், அவருக்கு நடக்கலாம் என்ற அனுமதியால் என்ன பிரயோஜனம்?

உன் கதை அதைவிட மோசம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஊர்சுற்றல், உனக்கு அது பிழைப்பு. அதனால் செக்போஸ்ட்டில் கத்தாதே, எழுத்தில் உத்தரவைக் கேள், தேதி கேள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு நாள் ரேஞ்சரோடு பாதையை நடந்து பார்க்க நீங்கள் நாலு டிரைவர்களும் போங்கள், தண்ணீர் எங்கே அறுக்கும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? கல் அடுக்கிப் பள்ளம் அடைக்கிற வேலைக்குக் கூலி கேளுங்கள், மேலே ஊருக்கு அரிசி கொண்டுபோகிற ஒரு வண்டியையாவது விடச் சொல்லுங்கள். அதுவரைக்கும் காய்ந்த புல்லில் சூடான சைலன்சரோடு வண்டியை நிறுத்தாதே, அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ஏலக்காய் விலை இந்த வருஷம் எப்படி? டிசம்பரில் வருகிறேன், டிக்கெட் போட்டதும் சொல்கிறேன். அத்தையிடம் கேட்டதாகச் சொல்.

உன்
கடைசி பெஞ்சு கூட்டாளி