நாலாவது ஸ்லாட்

தம்பிக்கு,

நேற்று அந்தக் கம்ப்யூட்டரைப் பிரித்தேன், ஒருவழியாக விற்றுவிடலாம் என்று. பிராசஸரைக் கழற்றி, அது உட்காரும் சாக்கெட்டில் போன் டார்ச்சை அடித்தேன். 1151 பின்கள் நாற்று மாதிரி வரிசையாகச் சாய்ந்து நிற்க, ஓரத்தில் ஒன்று மட்டும் பக்கத்துப் பின்மேல் படுத்துக் கிடந்தது.

நாம் சேர்ந்து அதைப் பூட்டிய அன்றைக்கு டார்ச் பிடித்தவன் நீ.

பிராசஸர் என் விரலிலிருந்து நழுவி, அதன் மூலை சாக்கெட்டுக்குள் இடித்தது. அரை நொடிதான். "ஒண்ணும் ஆகலைல்லக்கா?" என்றாய். "ஆகலை, லைட்டை ஆட்டாதே" என்று அதட்டினேன். அப்புறம் பேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது, மதர்போர்டின் ஓரத்தில், மெமரியில் கோளாறு என்று காட்டும் 'டிராம்' விளக்கு மட்டும் அணையவே இல்லை. ராம் என்கிற அந்த இரண்டு மெமரிப் பட்டைகளின் தங்கநிறக் கோடுகளை ரப்பரால் தேய்த்தாய். பேனாவால் 1, 2 என்று எண் போட்டு, ஒவ்வொன்றாக மாட்டினாய். ஒற்றை ராம் என்றால், அதை மாட்டும் நாலு ஸ்லாட்டில் பிராசஸர் பக்கமிருந்து இரண்டாவதுதான் என்று நான் மேனுவலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ரெண்டுமா ஒரே நாள்ல போகும்? நாலாவதுல போட்டுப் பாப்போமே."

சரியான கேள்வி. நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது, சித்தி வீட்டிலும் இதைப் படிக்கிறார்கள். அந்த ராமுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் நமக்குள் இருக்கட்டும். ராம் வாங்கின ரிச்சி தெருக் கடைக்குத் திரும்பப் போய், கடைக்காரர் தன் போர்டில் மாட்டி ஓட்டிக் காட்டினார் என்று வந்து நின்றாய். ஏமாளி என்றேன்.

மறுவாரம் நாலாவதில் போட்டேன். ஓடியது. மூன்றாவதிலும் சேர்த்துப் போட்டேன், 16 ஜிபியும் காட்டியது. உனக்குச் சொல்லவில்லை. போர்டே அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ராமோடு பேசுகிற வேலை பிராசஸருக்குள்ளேயே நடக்கிறது, வழியில் ஒரு பின் மடங்கினால் ஒரு ஜோடி ஸ்லாட்டே செத்துப்போகலாம் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாயா என்று கேட்காதே.

தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள்.

ஆனால் வெளிச்சம் உன் கையில்தானே இருந்தது? இடித்ததைப் பார்த்தாய். நான் அவ்வளவு பேசியபோதும் ஏன்டா வாயைத் திறக்கவில்லை? ஆறு வருஷமாகப் பொங்கலுக்கு வந்து, சாப்பிட்டு, "நல்லாருக்கியாக்கா" என்று கேட்டுவிட்டுப் போகிறாய். அதற்குப் பதில் ஒருநாள் நன்றாகத் திட்டியிருக்கலாம்.

கேபினெட்டைக் கேட்டு ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். ராம் இரண்டையும் எடுத்துத் தனியே வைத்திருக்கிறேன், நீ போட்ட எண்கள் இன்னும் அழியவில்லை. வேண்டுமா, அதையும் கொடுத்துவிடவா? அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே. எனக்கே போன் பண்ணு.

அக்கா