முதல் சீசனுக்குத் தேதி குறிக்காதீர்கள்

நம் கற்பனை லீக்கின் அட்டவணைக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். 1876ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடப்பதாக நாம் உருவாக்கிவரும் பேஸ்பால் லீக்குக்கு நீங்கள் எழுதிய வரைவைப் படித்தேன். ஆளுக்கு ஒன்றாக நாங்கள் எட்டுப் பேர் நடத்தும் எட்டு அணிகள், ஒவ்வோர் அணியும் மற்ற ஏழுடன் பத்துப் பத்து ஆட்டம், ஆக அணிக்கு 70. அமெரிக்காவின் நிஜமான பேஸ்பால் லீக்கான நேஷனல் லீக் அந்த ஆண்டு வைத்துக்கொண்ட கணக்கும் இதுதான். அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் உங்கள் வரைவில் திங்கட்கிழமை பாஸ்டனில் ஆடிய அணி செவ்வாய் மதியம் செயின்ட் லூயிஸில் இறங்கி ஆடுகிறது. அன்றைய ரயில் ஓர் இரவில் கடக்கக்கூடிய தூரமா அது? ஞாயிற்றுக்கிழமையும் ஆட்டம் வைத்திருக்கிறீர்கள்; ஞாயிறு ஆட்டத்தை அந்த லீக் அனுமதிக்கவே இல்லை. மைதானத்தில் விளக்கும் கிடையாது, பொழுது சாய்ந்தால் ஆட்டம் நின்றுவிடும். பந்து எறிபவரான பிட்சரையும் நினைத்துப் பாருங்கள். 1876இல் செயின்ட் லூயிஸ் ஆடிய 64 ஆட்டங்களையும் ஜார்ஜ் பிராட்லி என்ற ஒரே ஆள்தான் பிட்சராகத் தொடங்கினார். அப்படிப்பட்டவரைத் தினமும் எறிய வைக்கும் அட்டவணை எனக்கு ஒப்பவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று ஆட்டம் போதும். ஏப்ரல் 22இல் தொடங்கினால் செப்டம்பர் கடைசியில் 70 முடிந்துவிடும். இடைப்பட்ட நாட்கள் மழைக்கும் ரயிலுக்கும்.

இவையெல்லாம் எளிதில் திருத்தக்கூடியவை. நான் இந்த மடலை எழுதக் காரணம் ஆறாவது விதி: 'ஆடாமல் விட்ட ஆட்டங்களை சீசன் முடிவில் பகடை உருட்டி நிரப்பிக்கொள்ளலாம்.' தயவுசெய்து இதை எடுத்துவிடுங்கள்.

நிஜத்தில் அந்த 70 ஆட்டத்தையும் ஆடி முடித்த அணி பாஸ்டன் ஒன்றுதான். பட்டம் வென்ற சிகாகோவே 66 தான் ஆடியது. 52 வெற்றி, 14 தோல்வி. நியூயார்க்கின் மியூச்சுவல்ஸும் பிலடெல்பியாவின் அத்லெடிக்ஸும் சீசன் கடைசியில் மேற்கே போகவேண்டிய பயணத்தைப் போகவே இல்லை. தோற்றுக்கொண்டிருந்த அணிகள் அவை. கையில் காசில்லை, ரயில் கட்டணமும் விடுதிச் செலவும் யார் கொடுப்பது? டிசம்பரில் லீக் இரண்டையும் வெளியேற்றியது. அன்று அமெரிக்காவின் மிகப் பெரிய இரு நகரங்கள் நியூயார்க்கும் பிலடெல்பியாவும்! அவ்வளவு டிக்கெட் வசூலை இழந்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்ததில் முன்னால் நின்றவர் சிகாகோ அணியின் தலைவர் வில்லியம் ஹல்பர்ட். அந்த இரு நகரங்களுக்கும் மறுபடி இடம் கிடைக்க 1883 வரை ஆனது.

இதில் நமக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 1876இல் எந்தத் தேதியில் யார் எங்கே ஆடுவது என்பதைக் கிளப்புகளே தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டன. லீக்கே தேதி குறித்துக் கொடுத்தது அடுத்த ஆண்டுதான், ஆறு அணிகளுக்கு, அணிக்கு 60 ஆட்டம் என்று. போகாமல் விட்ட அந்த ரயில் பயணங்களுக்குப் பிறகுதான் அட்டவணை என்ற ஒன்றே பிறந்தது. பகடையால் அந்த ஓட்டையை அடைத்துவிட்டால் நம் லீக்கில் யாரும் எதற்கும் கோபப்படக் காரணமே இருக்காது.

அதனால் என் கோரிக்கை இது. முதல் சீசனுக்கு நீங்கள் தேதி குறிக்கவே வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் அறிவியுங்கள்: ஒவ்வோர் இணைக்கும் பத்து ஆட்டம், ஐந்து இங்கே, ஐந்து அங்கே. தேதிகளை நாங்கள் எட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி முடிவுசெய்கிறோம். ஒவ்வொருவருக்கும் ஒரு கஜானா கொடுங்கள், பயணச் செலவு அதிலிருந்து போகட்டும். ஆடாத ஆட்டம் ஆடாததாகவே பட்டியலில் நிற்கட்டும். ஆட வராத அணியை என்ன செய்வது என்று டிசம்பர் கூட்டத்தில் எட்டுப் பேரும் வாக்களிப்போம். அதன்பின் இரண்டாம் சீசனுக்கு நீங்கள் அட்டவணை போடுங்கள். அப்போது அதன் அருமை எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு ஒதுக்கியிருப்பது பிலடெல்பியா. இந்த விதிப்படி முதலில் வெளியேற வேண்டியவன் நானாகவே இருக்கலாம் என்பது தெரிந்துதான் கேட்கிறேன். வரைவை வாக்கெடுப்புக்கு விடுவதற்கு முன் ஆறாவது விதியை மட்டுமாவது தனியாக விவாதத்துக்கு எடுங்கள்.

அன்புடன்,
பிலடெல்பியா அணியை நடத்துபவன்